காப்பும் காவலும்

எலுமிச்சைச் சந்தையால் பெயர்பெற்ற புளியங்குடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். ஆங்கு ஒரு சரக்குக் கிடங்கில் இராக்காவல் புரியும் பெரியவர் எமக்கு மாமா முறையினர். சென்ற கோடை விடுமுறையில் ஓரிரவு அவரைக் காணச் சென்றேம். வாயிலருகே சுவரிற் பதித்திருந்த தீயறிவிப்புப் பெட்டியில் மஞ்சள் விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. அதன்கீழ் 'ஃபால்ட்' என்று ஆங்கில எழுத்திற் பொறித்திருந்தனர்.

"இஃது எத்துணை நாளாக எரிகின்றது, மாமா?" என்று வினவினேம்.

"பங்குனியிலிருந்து எரிகிறது, மாப்பிள்ளை. சிவப்பு எரிந்தால்தானே தீ? மஞ்சள் நல்லதற்குத்தான்" என்றார்.

மஞ்சளை மங்கல நிறமென்றே கண்டு வளர்ந்தவர் வேறு யாது சொல்லுவார்? அவர் தமிழ் படிப்பார். நாடோறும் செய்தித்தாளை முதலெழுத்து முதல் ஈற்றெழுத்து வரை விடாது வாசிப்பவர். ஆங்கிலம் அறியார். அவர் பிழை யாதொன்றுமில்லை. அப்பெட்டியின் இயல்பு இது: ஒவ்வொரு கம்பியின் கோடியிலும் சிறியதொரு மின்தடையை அமைத்து, அதன் வழியே சிறிதளவு மின்னோட்டம் இடையறாது ஓடும்படி செய்திருப்பர். கம்பி அறுந்தாலும், கூரையிலுள்ள கருவியை யாரேனும் கழற்றினாலும் அவ்வோட்டம் தடைப்படும். உடனே மஞ்சள் விளக்கு எரியும். பாட்டரி கெட்டாலும் அவ்விளக்கே எரியும். எனவே மஞ்சள் எரிந்தால், அக்கிடங்கில் ஏதோ ஒரு பகுதி செவிடாய்க் கிடத்தல் கூடும் என்பது பொருள். தீப்பற்றினாலும் பெட்டி அறியாது. இவ்வளவையும் உணர்த்தப் 'பழுது' என்னும் மூன்றெழுத்துப் போதுமே!

அறிவியற் சொற்களைத் தமிழிலாக்கும் முயற்சி நம் நாட்டில் புதியதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வைத்தியராகிய கிறீன் என்பார் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கு வேண்டும் சொற்களையும் ஆக்கினார். 1916-ஆம் ஆண்டிற் சேலத்தில் இராஜாஜி முதலியோர் இதற்கெனச் சங்கமொன்று கண்டனர். ஆயினும் அம்முயற்சிகள் பெரும்பாலும் மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் உரியவை. இராக்காவலர்க்கு யார் சொல் ஆக்கினார்?

எல்லாச் சொல்லும் தமிழாதல் வேண்டுமென்று யாம் வழக்காடவில்லை. கருவியைப் பொருத்த வருபவர் வயர், ஸ்விட்ச், ரிலே என்று சொல்லிக்கொள்ளட்டும்; அவர்க்கு அவை விளங்கும். நள்ளிரவில் உறக்கங்கலைந்து எழுந்தவர் படிக்கவேண்டிய சொற்களைப் பற்றியதே எம் கவலை. தீ, பழுது, ஓசை நிறுத்து, முடக்கம், வெளியேறும் வழி என அவை பத்துக்கு மேற்படா. இவற்றுள் 'ஓசை நிறுத்து' என்பதனை யாம் ஆய்ந்தே சொன்னேம். 'சைலன்ஸ்' எனும் பொத்தானை அழுத்தினால் மணியொலி மட்டுமே அடங்கும், தீ அடங்காது. ஒலி ஓய்ந்ததும் இடர் நீங்கிற்றென்று எண்ணித் திரும்பவும் படுப்பவர் உலகிற் பலராவர்.

'சைரன்' என்பதற்கோ யாம் புதுச்சொல் தேடவேண்டுவதில்லை. ஆலைச் சங்கு, நகராட்சிச் சங்கு என்று நம் மக்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். கிரேக்கர் கதையில் சைரன் என்பார், இன்னிசையால் மாலுமிகளை மயக்கி அழிவிற்கு இழுத்தவர். எச்சரிக்கும் கருவிக்கு அப்பெயர் எவ்வாறு பொருந்தும்? நம் சங்கே சாலும்.

இனி, யாம் மிகவும் அஞ்சும் ஒரு சொல்லுண்டு. அது 'பாதுகாப்பு'. ஆங்கிலத்தில் 'சேஃப்டி' என்பது வேறு, 'செக்யூரிட்டி' என்பது வேறு. நாமோ இரண்டனையும் பாதுகாப்பு என்ற ஒரே சாக்கில் அடைத்து வைத்திருக்கின்றோம். இதனால் வரும் கேட்டைக் கதவின் மின்பூட்டிற் காணலாம். மின்சாரம் நின்றால் தானே திறந்துகொள்ளும் பூட்டு ஒருவகை. அதனை 'ஃபெயில் சேஃப்' என்பர். மின்சாரம் நின்றாலும் மூடியே கிடக்கும் பூட்டு மற்றொருவகை. அது 'ஃபெயில் செக்யூர்'. இரண்டனையும் பாதுகாப்புப் பூட்டு என்றே மொழிபெயர்த்தால், விடுதி வாயிலுக்கு எதனை வாங்குவது? முன்னது உயிரைக் காப்பது. பின்னது பொருளைக் காவல் செய்வது.

காப்பு, காவல் என்ற இரு சொல்லும் நம்மிடம் உள்ளனவே! குழந்தைக்கு இடுவது காப்பு. வயலுக்கும் ஊருக்கும் வைப்பது காவல். பாளையக்காரர் காலத்தில் இந்நெல்லைச் சீமையில் திசைக்காவல் என்றொரு முறையே இருந்தது. உயிரைப் பேணுவதைக் காப்பு என்றும், களவைத் தடுப்பதைக் காவல் என்றும் வரையறுத்து வழங்கினால் குழப்பம் ஒழியும். முன்னைப் பூட்டைத் திறந்து நிற்கும் பூட்டு என்றும், பின்னைப் பூட்டை மூடி நிற்கும் பூட்டு என்றும் வெளிப்படச் சொல்லுதல் இன்னும் நன்று.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கூரைக்கொட்டகையொன்று தீப்பற்றி 28 பேர் மாண்டனர். அவர்கள் ஓடிப்போகாதிருத்தற்பொருட்டுச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். ஆங்குக் காவல் இருந்தது, காப்பு இல்லை.

சொற்பட்டியல் தொகுக்கும் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். சொல்லை ஆக்கியபின் அதனை உரக்கக் கூவிப் பார்த்தருளுக. 'தன்னியக்கப் புகை உணர்வு எச்சரிக்கை அமைப்பு' என்று கூவி முடிப்பதற்குள் கூரை எரிந்து விழும். தமிழ் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாமே இதனைச் சொல்லுதல் சிலர்க்கு வியப்பாகலாம்.

மறுநாள் மாலை, தடித்த அட்டையொன்றில் சிவப்பு – தீ, மஞ்சள் – பழுது, பச்சை – மின்சாரம் உண்டு என்று பெரிய எழுத்தில் எழுதி, அப்பெட்டியின் அருகே ஒட்டினேம். மாமா கண்ணாடியை அணிந்து இருமுறை படித்தார். "பழுது என்று தெரிகிறது, மாப்பிள்ளை. தெரிந்தபின் யாரைக் கூப்பிடுவது?" என்றார். அதனை யாம் எண்ணியிருக்கவில்லை. அட்டையைக் கழற்றி, மஞ்சளுக்கு நேரே பழுது பார்ப்பவரது தொலைபேசி எண்ணையும், சிவப்புக்கு நேரே தீயணைப்பு நிலையத்தின் 101 என்ற எண்ணையும் சேர்த்தெழுதி மீண்டும் ஒட்டினேம்.