பயிற்சியும் பத்திரமும்

2025-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், மைசூரிலுள்ள இன்போசிஸ் கம்பெனியின் பயிற்சி ஸ்தலத்திலிருந்து 300-க்கு மேற்பட்ட வாலிபர்கள் ஒரே சமயத்தில் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று முறை பரீட்சை கொடுத்தும் தேறவில்லை என்பது கம்பெனி சொன்ன காரணம். அவர்களில் பலர் 2022-ம் வருஷத்திலேயே வேலை நிச்சயமென்று கடிதம் பெற்று, 2024 அக்டோபர் வரையில் வீட்டில் காத்திருந்தவர்கள். மத்திய தொழிலாளர் இலாகா தலையிட்டு, இதைக் கவனிக்கும்படி கர்நாடக சர்க்காருக்கு எழுதிற்று. அதே வருஷம் மே 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. இவ்விரண்டுக்கும் நேரான சம்பந்தமில்லை. ஆயினும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

வழக்கு விஜயா பாங்கைப் பற்றியது. மூன்று வருஷத்துக்கு முன் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்டுவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்த ஓர் உத்தியோகஸ்தர், 2009-ம் வருஷத்தில் விலகி வேறொரு பாங்கில் சேர்ந்தார். பணத்தை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். கர்நாடக ஐகோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றிற்று. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவன் நியாயமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவையாக்குகிறது. வேலையிலிருக்கும் காலத்துக்கு மட்டும் ஏற்பட்ட நிபந்தனையை அப்பிரிவு தொடாதென்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள்.

தீர்ப்பில் சட்டப் பிழையிருப்பதாக நாம் சொல்லவில்லை. ஆனால் அதன் ஆதாரத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். பொதுத்துறை பாங்கு ஒருவரை நியமிக்க வேண்டுமானால் விளம்பரம் செய்து, பரீட்சை வைத்து, பகிரங்கப் போட்டி நடத்தித்தான் ஆகவேண்டும். நடுவில் ஒருவர் போய்விட்டால் அவ்வளவு செலவும் மறுபடி வரும் என்பதே கோர்ட்டு பிரதானமாகக் கொண்ட நியாயம். காலேஜ் வாசலுக்கு வந்து, ஒரே பகலில் நூற்றுக்கணக்கான பையன்களைப் பொறுக்கிக்கொண்டு போகும் தனியார் கம்பெனிக்கு இந்த நியாயம் எப்படிப் பொருந்தும்? மேலும் பத்திரத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டதனால் மட்டும் அது முழுவதும் முதலாளிக்குச் சொந்தமாகிவிடாது. 74-வது பிரிவின்படி, எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும். சில இடங்களில் அசல் சர்டிபிகேட்டுகளையே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளுகிறார்கள். இருபத்திரண்டு வயதுப் பையனின் படிப்பை அடகு பிடிப்பதற்கு இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

இந்த வகையில் முக்கியமான பழைய வழக்கொன்று உண்டு. செஞ்சுரி கம்பெனி, டயருக்கு வேண்டிய நூல் செய்யும் வித்தையை ஒரு ஹாலந்து கம்பெனியிடமிருந்து விலைகொடுத்துப் பெற்றது. அதை இரகசியமாகக் காப்பாற்றுவதாகவும் வாக்குக் கொடுத்தது. கல்யாண் ஆலையில் கோலிகாரி என்ற சூபர்வைசரை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் அமர்த்தி, மாதக் கணக்கில் பழக்கிற்று. அவர் 1964-ல் விலகி, அதே சரக்குச் செய்யும் கோட்டா ஆலையில் சேர்ந்தார். ஒப்பந்த காலம் முடியும் வரையில் அவர் அங்கே அத்தொழிலைச் செய்யக்கூடாதென்று விதித்த தடையை 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. அங்கே முதலாளி வாங்கித் தந்த வித்தை ஒன்று இருந்தது. தொழிலாளிக்கும் ஐந்து வருஷ வேலை உறுதியாயிருந்தது. இன்று பையன் மட்டும் கட்டுண்டிருக்கிறான், கம்பெனியோ நினைத்த நாளில் அவனை அனுப்பலாம். ஒரு கயிற்றின் ஒரு நுனியை மட்டும் கட்டிவைத்து அதற்கு ஒப்பந்தமென்று பெயரிடுகிறோம்!

அந்நிய நிபுணர்களை அழைப்பதையே நாம் ஆட்சேபிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். ஜாம்ஷெட்ஜி டாட்டா அமெரிக்காவிலிருந்து பெரின் என்ற நிபுணரை அழைத்தார். 1912-ல் உருக்கு வந்தபோது ஆலையின் முக்கிய ஸ்தானங்களில் வெள்ளையர்களே இருந்தார்கள். ஆனால் 1921-ல் ஜாம்ஷெட்பூரிலேயே தொழில்நுட்பப் பள்ளி ஏற்பட்டது. 1938-ல் ஜஹாங்கீர் காந்தி என்ற இந்தியர் ஜெனரல் மானேஜரானார். வந்தவரிடமிருந்து வேலையைக் கற்றுக்கொண்டு அவரை வழியனுப்பும் ஏற்பாடு அங்கே இருந்தது. இன்று ஆலோசகர்களுக்குக் கட்டணம் கொடுக்கும் எத்தனை ஸ்தாபனங்கள், அவர் போன பிறகு அந்த வேலையைச் செய்யத் தம் சிப்பந்திகளில் யாரைப் பழக்கியிருக்கிறோமென்று சொல்ல முடியும்?

கற்பதற்கு அவகாசமும் குறைந்துவருகிறது. 2025 ஜூனில் டி.சி.எஸ். கம்பெனி வகுத்த விதிப்படி, ஒரு சிப்பந்தி வருஷத்தில் 225 நாட்கள் வாடிக்கைக்காரரிடம் கூலி பெறும் வேலையிலிருக்க வேண்டும். வேலை ஒதுக்கப்படாத நாட்கள் 35-ஐத் தாண்டக்கூடாது. அடுத்த மாதமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அதே கம்பெனி அறிவித்தது. தேர்ச்சி பொருந்தாமை ஒரு காரணமாம். 35 நாட்களில் புதுத் தேர்ச்சி பெறுவது எப்படி என்பதை நிர்வாகஸ்தர்கள்தான் விளக்க வேண்டும்.

தமிழ்நாட்டு சர்க்கார் 2022-ல் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கி, காலேஜ் மாணவர்களுக்குப் பொதுப் பணத்தில் தொழிற் பயிற்சி அளித்து வருகிறது. ஆகவே சர்க்கார் கேட்க வேண்டியவை சில உண்டு. இப்பயிற்சி பெற்றவனை எடுக்கும் கம்பெனி அதே பயிற்சிக்காக அவனிடம் பத்திரம் வாங்கக் கூடாது. வாங்குவதானால் உண்மையில் செலவான தொகையைக் கணக்குக் காட்டி, மாதத்துக்கு மாதம் அதைக் குறைத்துவர வேண்டும். பத்திர காலத்துக்குள் கம்பெனியே அவனை விலக்கினால் அதே தொகையை அவனுக்குக் கொடுக்க வேண்டும். வேலைக் கடிதம் கொடுத்துவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் காக்கவைக்கும் கம்பெனியை, மறு வருஷம் நமது காலேஜுகளுக்குள் அனுமதிக்கலாகாது.