ஞாயிற்றுக்கிழமையையும் கேட்பவர்களுக்கு

இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். அடுத்த மாதமே, நலத்திட்டங்கள் இருப்பதால் தொழிலாளர்கள் வேலைக்கு வருவதில்லை என்றார். இத்தனை பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே வாதம்: உழைப்பில் பற்று இருப்பவனுக்குக் களைப்பு வராது, களைத்தவன் பற்றில்லாதவன்.

இதைத் தென்காசி மாவட்டத்துக்கு வந்து சொல்லிப் பார்க்கட்டும். ஆலங்குளம், கடையம் பக்கத்து வீடுகளில் மடியில் தட்டோடு பீடி சுற்றும் பெண்களைக் கேட்கட்டும். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சமையலுக்கு முன்னும் பின்னும் அதே வேலை. சுற்றிக் கொண்டுபோனதில் சரியில்லை என்று கழித்துவிட்டால் அந்த உழைப்புக்குக் காசில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் இவர்கள். இவர்களுக்கு முதுகு வலிப்பது பற்றுக் குறைவாலா?

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் பரோட்டா மாஸ்டர் நள்ளிரவுவரை கல்லின் முன் நிற்பார். சீசனில் பார்க்கும் காசுதான் வருஷத்துக்கு என்று தெரிந்து நிற்கிறார். அருவியில் தண்ணீர் குறைந்தால் அவருக்கும் ஓய்வு உண்டு. 90 மணிக்காரர்கள் கேட்பது வருஷம் பூராவும் சீசன். சம்பளம் மட்டும் அருவி வற்றிய காலத்துச் சம்பளம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை வரையறுத்தபோது, சமாளிக்கப்படாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. ஊழியரின் குணக்கேடு என்று சொல்லவில்லை. இதை நீண்ட காலம் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் ஆறு காரணங்களை வைத்தார்கள்: வேலைப் பளு, அதிகாரமின்மை, உரிய பலனின்மை, சக ஊழியர் உறவுச் சிதைவு, நியாயமின்மை, மதிப்பீடுகளின் மோதல். ஆறாவதுதான் இங்கே முக்கியம். வங்கிக்குப் பயிர்க்கடன் கேட்டு வரும் முதியவரின் தலையில் ஒரு காப்பீட்டுப் பாலிசியைக் கட்டு என்று மேலிடம் உத்தரவிட்டால், எதிலும் பற்றில்லாத ஊழியர் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார். வேலையை மதிப்பவருக்குத்தான் தூக்கம் கெடும். முதலில் சோர்ந்து விழுவதும் அவரே. ஆக, 90 மணிக்காரர்களின் வாதம் தலைகீழானது.

வேலையில் ஈடுபாடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தன் வேலையில் தனக்கும் ஒரு சொல் இருக்கிறது, பலனில் பங்கு இருக்கிறது என்று தெரிந்தால் ஈடுபாடு தானே வரும். 2023-24 நிதியாண்டில் சுப்பிரமணியனின் ஊதியம் ஏறத்தாழ ரூ. 51 கோடி. அவர் நிறுவன ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப்போல் 500 மடங்குக்கும் மேல். அவருக்கு ஞாயிறும் இனிக்கும். அந்த இனிப்பை 500இல் ஒரு பங்கு வாங்குபவரிடம் எதிர்பார்ப்பதற்குப் பெயர் தேச நிர்மாணமா?

உடம்பின் கணக்கும் இருக்கிறது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொல்லின. 90 மணி எங்கே போய் நிற்கும்?

மறுப்பு முதலாளிகள் பக்கத்திலிருந்தும் வந்தது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு, கடும் உழைப்பால் வளர்ந்த கிழக்காசிய நாடுகள் இன்று பிள்ளை பெறச் சொல்லிக் கெஞ்சுவதைச் சுட்டிக்காட்டினார். சரியான பேச்சு. ஆனால் வயல் நடுவே அலுவலகம் வைத்தால் மட்டும் சோர்வு தீராது. அந்த ஆறு காரணங்களும் கிராமத்துக்கும் பஸ் ஏறி வரும்.

தமிழ்நாடு இந்த வழக்கில் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா, எதிர்ப்புக்குப் பணிந்து மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 1948 தொழிற்சாலைச் சட்டமே வாரம் 48 மணி என்று வரம்பு கட்டி, அதற்கு மேல் இரட்டைக் கூலி என்று எழுதிவைத்தது. இனி யாராவது உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டால், பற்றைப் பற்றிப் பேசவிடாதீர்கள். இரட்டைக் கூலி எங்கே என்று கேளுங்கள்.