கோப்பைக் கணக்கில் காணாமல் போகும் மாணவர்: கேரளப் பள்ளி விளையாட்டில் 'ஆள்சேர்ப்பு' சர்ச்சை - ஓர் அலசல்

திருவனந்தபுரம்: விளையாட்டில் திறமை காட்டும் மாணவரை ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளி அழைத்துச் சென்று, தன் சீருடையில் ஓடவிட்டுக் கோப்பை வெல்வது நியாயமா? கேரளத்தில் மாநிலப் பள்ளி விளையாட்டு விழா நெருங்கும்போதெல்லாம் எழும் இந்தக் கேள்வி, கோப்பை வழங்கப்பட்டதும் அடங்கிவிடுவது வழக்கம். 2024 நவம்பரில் கொச்சியில் நடந்த விழாவில் அது அடங்கவில்லை. நிறைவு விழா நடந்த திடலிலேயே மாணவர்களும் ஆசிரியர்களும் முழக்கமிட்டனர்.

சிறந்த பள்ளிகளின் பட்டியலில் மலப்புரம் மாவட்டம் கடகசேரி ஐடியல் பள்ளி முதலிடம் பெற்றதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. இரண்டாமிடம் திருவனந்தபுரத்தில் உள்ள அரசின் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு என அறிவிக்கப்பட்டதுதான் சர்ச்சைக்குக் காரணமாயிற்று. இதனால் திருநாவாய் நாவாமுகுந்தா மேல்நிலைப் பள்ளியும் கோதமங்கலம் மார் பேசில் மேல்நிலைப் பள்ளியும் ஓர் இடம் கீழே தள்ளப்பட்டன. விளையாட்டுக்கென்றே மாநிலம் முழுவதும் தேர்வு நடத்தி, அரசுச் செலவில் உணவும் உறைவிடமும் பயிற்சியும் அளிக்கும் ஒரு நிறுவனத்தைப் பொதுப் பள்ளிகளுடன் எவ்வாறு ஒரே தராசில் நிறுத்தலாம் என்று அவ்விரு பள்ளிகளும் கேட்டன.

அரசின் பதில் கடுமையாக இருந்தது. போராட்டத்தில் ஈடுபட்ட இரு பள்ளிகளும் அடுத்த மாநில விழாவில் பங்கேற்கத் தடை விதிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும், பள்ளிகள் வருத்தம் தெரிவித்ததும், தடை திரும்பப் பெறப்பட்டதும் பின்னர் நிகழ்ந்தவை. மாணவர்களைப் போராட்டத்தில் இறக்கியது தவறு என்ற அரசின் வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் அந்தத் தவறுக்கான தண்டனையும் அதே மாணவர்கள் தலையில்தான் விழவிருந்தது. ப்ளஸ் ஒன் படிக்கும் ஓர் ஓட்ட வீரருக்கு 'அடுத்த ஆண்டு' என்பது பள்ளி வாழ்வின் கடைசி ஆண்டு.

ஒரே மாணவர், 15 புள்ளிகள்

இந்தப் போட்டி ஏன் இவ்வளவு கொதிநிலையை அடைகிறது என்பதைப் புள்ளிக் கணக்கே காட்டிவிடும். தடகளத்தில் முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 எனப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. மூன்று தனிநபர் பிரிவுகளில் தங்கம் வெல்லும் ஒரே மாணவர் பள்ளிக்கு 15 புள்ளிகள் ஈட்டித் தருகிறார். கொச்சியில் ஐடியல் பள்ளி 80 புள்ளிகளில் முதலிடம் பிடித்தது என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தகைய நான்கு மாணவர்கள் ஒரு பள்ளியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தால் பட்டியல் தலைகீழாகும்.

ஆகவே, திறமையைத் தேடிச் செல்வது ஒரு பள்ளியோடு நிற்கும் பழக்கமன்று. விடுதி நடத்தி, தனிப் பயிற்சியாளரை அமர்த்தி, பிற மாவட்டங்களிலிருந்தும் அண்மைக் காலங்களில் பிற மாநிலங்களிலிருந்தும் மாணவர்களைச் சேர்ப்பது முன்னணித் தனியார், உதவிபெறும் பள்ளிகளிடையே பரவலான நடைமுறை. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்த மாணவர்கள் கேரளப் பள்ளிகளின் சார்பில் மாநில விழாவில் பதக்கம் வென்றுள்ளனர். எனவே கொச்சியில் எழுந்த முழக்கம் பாதி உண்மையை மட்டுமே சொன்னது. அரசு விளையாட்டுப் பள்ளி தேர்வு நடத்தி வெளிப்படையாகச் செய்வதை, பிற பள்ளிகள் தொலைபேசி அழைப்பிலும் பயிற்சியாளரின் அறிமுகத்திலும் செய்கின்றன. விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தனிப் பட்டியல் என்பது பெரியவர்களின் பூசலைத் தீர்க்கக்கூடும். விடுதி நடத்தும் பள்ளிக்கும், உடற்கல்வி ஆசிரியர்கூட இல்லாத கிராமப் பள்ளிக்கும் இடையேயான ஏற்றத்தாழ்வு அப்போதும் அப்படியே இருக்கும்.

உஷாவும் இடம்பெயர்ந்த மாணவியே

அப்படியானால் மாணவர் இடம்பெயர்வதைத் தடுத்துவிடலாமா? கேரளத் தடகள வரலாறே இதற்கு எதிராகச் சாட்சி சொல்லும். கோழிக்கோடு மாவட்டம் பய்யோளியைச் சேர்ந்த பி.டி. உஷா, 1976-இல் கண்ணூரில் மாணவியருக்கென அரசு தொடங்கிய விளையாட்டுப் பிரிவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, வீட்டைவிட்டு அங்கே சென்று சேர்ந்தவர். அங்குதான் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரின் பார்வை அவர்மீது விழுந்தது. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் அவர் வெண்கலத்தைத் தவறவிட்டதை நாடு இன்றும் மறக்கவில்லை. ஊர்ப் பள்ளியிலேயே இருந்திருந்தால் அந்த ஓட்டம் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. பின்னாளில் உஷா தாமே தொடங்கிய தடகளப் பள்ளிக்குக் கண்ணூர் மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்த சிறுமிதான் டின்டு லூக்கா. அவர் 2015-இல் 800 மீட்டரில் ஆசியச் சாம்பியன் ஆனார்.

மறுபக்கமும் உண்டு. பாலக்காடு மாவட்டம் முண்டூரில் விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பி.யு. சித்ரா, அதே ஊரின் பள்ளியில் படித்து, அங்கேயே பயிற்சி பெற்று, 2017-இல் புவனேசுவரத்திலும் 2019-இல் தோகாவிலும் 1,500 மீட்டரில் ஆசியச் சாம்பியன் பட்டம் வென்றார். முண்டூரும் அருகிலுள்ள பரளியும் பெரிய விடுதிகளின் பலத்தால் பெயர் பெற்ற ஊர்கள் அல்ல. ஒரு பள்ளியில் ஈடுபாடுள்ள ஓர் ஆசிரியர் நிலைத்து நின்றால் என்ன நிகழும் என்பதற்கு அவை எடுத்துக்காட்டு. அந்த ஆசிரியர் வளர்த்தெடுத்த மாணவியைப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் வேறொரு பள்ளி அழைத்துக்கொண்டால், அவர் மீண்டும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு சிறுமியைத் தேடத் தொடங்க வேண்டும். எத்தனை முறை தேடுவார்? அழைத்துக்கொண்ட பள்ளிக்குக் கோப்பையும் ஊரார் பாராட்டும் கிடைக்கின்றன. வளர்த்த பள்ளியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

இந்த ஏற்பாடு நீடித்த பலன் தருகிறதா என்பதும் கேள்விக்குரியதே. மாநிலச் சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்ற கோதமங்கலம் செயின்ட் ஜார்ஜ் பள்ளி, கொச்சி விழாவில் முன்னணிப் பள்ளிகளின் வரிசையில் இல்லை. விளையாட்டு ஒரு பயிற்சியாளரையும் ஒரு விடுதியையும் மட்டும் நம்பி நிற்கும்போது, அவற்றில் ஒன்று விலகினாலும் கட்டடம் சரிகிறது.

மாற்றுச் சான்றிதழ் என்னும் கயிறு

இடமாற்றத்தில் மாணவரின் உரிமை என்ன? இதற்குச் சட்டத்தில் பாதிப் பதில்தான் உள்ளது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, வேறு பள்ளிக்கு மாற விரும்பும் குழந்தைக்குத் தலைமையாசிரியர் உடனடியாக மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்கிறது. தாமதித்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். சான்றிதழ் வரவில்லை என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. விளையாட்டுத் திறன் வெளிப்பட்டுப் பள்ளிகளின் கண்ணில் மாணவர் படத் தொடங்குவது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில். சட்டம் கைவிடும் இடத்தில் பேரம் தொடங்குகிறது.

அதன்பின் மாற்றுச் சான்றிதழ் ஒரு கயிறாகிவிடுகிறது. பழைய பள்ளி அதைப் பிடித்துவைத்தால் மாணவருக்கு ஓர் ஆண்டு போகும். புதிய பள்ளி அதைப் பெற்றுக்கொண்டபின், காயம்பட்டு ஓட இயலாத நிலை வந்தால் என்னவாகும் என்பதற்கு எழுத்துப்பூர்வமான உறுதி ஏதும் கேட்கப்படுவதில்லை. இலவச விடுதி, இலவச உணவு, கிரேஸ் மதிப்பெண், உயர்கல்வியில் விளையாட்டு ஒதுக்கீடு என வாக்குறுதிகள் நீளும். ஏழைப் பெற்றோருக்கு அவை சிறியவை அல்ல. அந்த அழைப்பை ஏற்கும் தாய் தந்தையரைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வாக்குறுதிகள் அனைத்தும் வாய்மொழி. வேற்று மாநிலத்திலிருந்து வந்த மாணவருக்கு மொழியும் புதிது, பாடத்திட்டமும் புதிது, முறையிடுவதற்குத் தெரிந்த முகமும் இல்லை. அவர் தங்கம் வெல்லும்வரை எல்லாம் சரியாகவே நடக்கும். வெல்லாமல் போனால்?

அமெரிக்கா வகுத்த எல்லை

இந்தச் சிக்கலை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்று விவாதித்த நாடு அமெரிக்கா. அங்கு உயர்நிலைப் பள்ளிக் கால்பந்தும் கூடைப்பந்தும் நம் ஊர் திருவிழாக்களைப் போல் கூட்டம் திரட்டுபவை. 1997-இல் டென்னசி மாநிலத்தில் உள்ள பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர், எட்டாம் வகுப்பு மாணவர்கள் சிலருக்குப் பயிற்சி முகாமுக்கு வருமாறு கடிதம் எழுதினார். அவர்கள் அடுத்த ஆண்டு அப்பள்ளியில் சேர ஒப்பந்தம் செய்திருந்தவர்கள்தாம். எனினும் அது ஆள்சேர்ப்பு விதியை மீறிய செயல் என மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் பள்ளிக்குத் தண்டனை விதித்தது. வழக்கு பத்தாண்டு நடந்தது. சங்கத்தின் செயல் அரசின் செயலுக்கு ஒப்பானது, அரசியல் சாசனத்துக்குக் கட்டுப்பட்டது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2007-இல், ஆள்சேர்ப்பைத் தடுக்கும் விதி பேச்சுரிமைக்கு எதிரானதல்ல என்றும் தீர்ப்பளித்தது. வளரிளம் பருவத்தினரை நோக்கி வீசப்படும் வலையால் அவர்கள் சுரண்டப்படலாம், படிப்பைவிட விளையாட்டு மேலானதாக ஆகிவிடலாம் என்ற அச்சத்தை நீதிபதிகள் ஏற்றனர்.

பெற்றோர் தாமாகப் பள்ளியை மாற்றுவது ஒன்று, பள்ளியே தேடிவந்து மாணவரை இழுப்பது வேறொன்று என்ற வேறுபாடு அந்த வழக்கின் மையத்தில் இருந்தது. 2016-இல் புளோரிடா மாநிலம் சட்டம் இயற்றி, மாணவர் விரும்பும் பள்ளிக்கு மாறி உடனடியாக விளையாடலாம் என்று கதவைத் திறந்துவிட்டபோதும், பள்ளிகள் ஆள்சேர்ப்பதற்கான தடையை நீக்கவில்லை. நம் நாட்டு விவாதத்தில் இந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. ஒருசாரார் இடமாற்றமே ஏமாற்று என்கின்றனர். மறுசாரார் மாணவரின் விருப்பம் என்று கூறி விசாரணையைத் தட்டிக்கழிக்கின்றனர்.

அதற்காக அமெரிக்க விதிகளை அப்படியே எடுத்துவருவதில் பயனில்லை. குடும்பம் வீடு மாறாமல் மாணவர் மட்டும் பள்ளி மாறினால், குறிப்பிட்ட காலம் அவர் போட்டியிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்ற விதி அங்குப் பல மாநிலங்களில் உண்டு. இங்கே அது மாணவரைத்தான் வதைக்கும். இந்தியாவில் ஒரு பதினாறு வயது மாணவிக்கு மாநிலப் பதக்கம் என்பது கல்லூரி இடம், சில வேளை வேலை. ஓராண்டு அமரவைப்பது அவற்றைப் பறிப்பதாகும்.

பாதிப் புள்ளி யாருக்கு?

இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி தொழில்முறைக் கால்பந்தில் உள்ளது. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்திலேயே பெருந்தொகைக்கு வேறு கழகத்துக்கு மாறும்போது, அத்தொகையில் 5 விழுக்காட்டை அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. பள்ளி விளையாட்டில் பணம் கைமாறக் கூடாது. புள்ளி மாறலாம். மாறி வந்து இரண்டு ஆண்டுகள் நிறையாத மாணவர் வெல்லும் பதக்கத்தின் புள்ளிகளில் பாதியை முந்தைய பள்ளிக்கு அளித்தால், மாணவருக்குப் பதக்கமும் சான்றிதழும் முழுமையாகவே கிடைக்கும். பள்ளிகளின் பேராசைதான் பாதியாகும். கிராமத்து உடற்கல்வி ஆசிரியருக்குச் சான்றிதழைப் பிடித்துவைக்கும் தேவையும் இராது.

வயது மோசடியும் இதனோடு பிணைந்ததே. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிவுகள் இருக்கையில், தொலைவிலிருந்து வரும் மாணவரின் ஆவணத்தைச் சரிபார்ப்பது கடினம். 2025-இல் திருவனந்தபுரத்தில் நடந்த மாநில விழாவிலும் வயது குறித்த புகார்கள் எழுந்தன. மத்திய அரசு 2010-இல் வெளியிட்ட வயது மோசடித் தடுப்பு நெறிமுறையைத் திருத்தும் வரைவு 2025-இல் கருத்துக்கேட்புக்கு வைக்கப்பட்டது. எலும்பு வளர்ச்சிச் சோதனையில் பொய் வெளிப்படலாம். ஆனால் பதின்மூன்று வயதில் தன் பிறந்த தேதியைத் தானே திருத்திக்கொண்ட மாணவர் அரிது. ஆவணத்தைத் தயாரித்தவரும் அதை ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்டவரும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

கேரளப் பொதுக் கல்வித் துறை இந்தச் சிக்கலை ஆராய முனைந்தால் புதிய ஆணையம் எதுவும் தேவையில்லை. மாணவர் சேர்க்கையும் மாற்றுச் சான்றிதழும் 'சம்பூர்ணா' என்ற இணையவழிப் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ளன. மாநில விழாவில் பதக்கம் வென்ற ஒவ்வொரு மாணவரும் மூன்று ஆண்டுகளுக்கு முன் எந்தப் பள்ளியில் படித்தார், அங்கு உடற்கல்வி ஆசிரியர் இருந்தாரா, பதக்கம் வெல்லாமல் திரும்பியவர்கள் இப்போது எந்த வகுப்பில் படிக்கின்றனர் அல்லது படிப்பையே விட்டுவிட்டனரா என்ற மூன்று தகவல்களை அதிலிருந்தும் பணியாளர் பட்டியலிலிருந்தும் திரட்டி, கோப்பைப் பட்டியலுக்கு அருகிலேயே வெளியிட முடியும்.