நகரத்தில் டயட், நம் தெருவில் இழிவு

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் ஓர் உணவுமுறை பரவி வருகிறது. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, சர்க்கரை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு இறைச்சி, மீன், முட்டை, கீரை, வெண்ணெய் என்று சாப்பிடும் முறை அது. ‘பேலியோ’ என்று பெயர். நியாண்டர் செல்வன் போன்றோரின் எழுத்தும் ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ முகநூல் குழுவும் இதைத் தமிழர் வீட்டு அடுப்படி வரை கொண்டுவந்தன. மாவுச்சத்தைக் குறை, புரதத்தையும் கொழுப்பையும் கூட்டு என்பதே இதன் சாரம்.

உலகத்துக்கு இது புதிதல்ல. லண்டனில் வில்லியம் பேன்டிங் என்பவர் தன் உடல் பருமனைக் குறைத்த கதையை 1863-இல் சிறு நூலாக வெளியிட்டார். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டுவிட்டு இறைச்சியும் மீனும் உண்டதாக அதில் எழுதினார். 1972-இல் அமெரிக்க மருத்துவர் அட்கின்ஸ் இதே வழியில் புத்தகம் எழுதிப் புகழ்பெற்றார். தமிழ்நாட்டில் இன்று உடற்பயிற்சிக் கூடங்களிலும் ஊட்டச்சத்து நிபுணர்களின் அறைகளிலும் இது சாதாரணப் பேச்சாகிவிட்டது.

நமக்கு இதில் ஒரு கேள்வி இருக்கிறது. எலும்பு சூப், ஈரல், குடல், ரத்தப் பொரியல், கொழுப்போடு சேர்ந்த கறி ஆகியவை இன்று படம் பிடித்துப் பெருமையாகப் பகிரப்படும் உணவுகள். இவை நம் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வெந்தவை. நாம் உண்டபோது ‘கவுச்சி’ என்று மூக்கைப் பிடித்தார்கள். அதே பண்டம் நகரத்துத் தட்டில் ஏறியதும் ‘டயட்’ ஆகிவிட்டது. பண்டம் மாறவில்லை. உண்பவர் யார் என்பதுதான் மாறியிருக்கிறது.

நகரத்தாரைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. கறி தின்று சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்க ஒருவரால் முடிந்தால் நல்லது. அந்த வாய்ப்பு நம் மக்களுக்கு ஏன் எட்டவில்லை என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

பழனிசெட்டிபட்டியிலிருந்தே பார்ப்போம். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோக நெல் விளைகிறது. இந்த வயல்களில் நாற்று நட்டு, களையெடுத்து, கதிரறுத்த கைகளில் பெரும்பகுதி நிலமில்லாத தலித் கைகள். ஆனால் நம் பாட்டன் பாட்டிகளுக்கு நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான். மற்ற நாட்களில் கேப்பைக் களி, கம்பங்கூழ், சோளச்சோறு. வெஞ்சனத்துக்கு வயல் நண்டு, நத்தை, ஆற்று அயிரை, வயல் எலி. எப்போதாவது மாட்டுக்கறி, மிஞ்சியதை உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் காயவைப்பார்கள். இதைப் பொற்காலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அரைவயிறும் கால்வயிறுமாகக் கழிந்த காலம் அது.

அந்தப் பசியை விரட்டியது ரேஷன் கடை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இந்தத் திட்டத்தின் அருமையை நாம் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் குடும்பத்துக்குக் கிடைக்கும் அளவுகளைக் கவனியுங்கள். அரிசி பொதுவாக 20 கிலோ வரை. துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு 1 கிலோ. பாமாயில் 25 ரூபாய்க்கு 1 லிட்டர். இருபது பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. நம் வீட்டுத் தட்டும் அப்படியேதான் இருக்கிறது: மலையாகச் சோறு, தொட்டுக்கொள்ளத் துளி வெஞ்சனம்.

100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. புரதம் 7, 8 கிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த இந்தியாப் முறை ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் சொன்னது. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு. இந்தியர்கள் உண்ணும் உணவின் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே ஆய்வுக் குழு 2025-இல் சொன்னது. இன்னொரு பக்கம், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. சர்க்கரையும் சோகையும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. வயிறு நிறைகிறது, உடம்பு தேறுவதில்லை.

சர்க்கரை பணக்கார நோய் என்ற காலம் போய்விட்டது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இன்று வீட்டு வாசலிலேயே சோதித்து மாத்திரை தருகிறார்கள். விடிவதற்கு முன் ஜீப் ஏறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘எனக்கும் சுகருதான்’ என்பார்கள். தூக்குவாளியில் இருப்பது புளிச்சோறும் ஊறுகாயும். ‘சோத்தைக் குறைங்கம்மா, சப்பாத்தி சாப்பிடுங்க’ என்று அவர்களுக்கு அறிவுரை கிடைக்கிறது. 100 கிராம் கோதுமை மாவிலும் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து உண்டு. சோற்றை எடுத்துவிட்டுச் சப்பாத்தியை வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறைவதில்லை. சோற்றுக்குப் பதில் எதை வைத்து வயிற்றை நிரப்புவது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பேலியோவில் இதற்குப் பதில் இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டும். காலையில் நூறு பாதாம், மதியம் கறி, இரவு பனீர் என்பது பலரும் அறிந்த பட்டியல். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அதில் பாதாமும் பனீரும் வாங்கினால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? ஆட்டுக்கறி பல ஊர்களில் கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்டது. கூலிக்காரர் கைக்கு எட்டக்கூடிய கறி ஒன்று உண்டு. அது ஆட்டுக்கறியில் பாதி விலைக்குக் கிடைக்கும் மாட்டுக்கறி. 100 கிராம் கறியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம், சோகைக்கு வேண்டிய இரும்புச்சத்து, பி12 வைட்டமின் எல்லாம் இருக்கின்றன. மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம்.

அப்படியானால் தடுப்பது எது? வெட்கம். குமுளியைத் தாண்டினால் ஓட்டல் பலகையிலேயே ‘பீஃப்’ என்று எழுதியிருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் அதே கறி கறுப்புப் பையில், பைக்குள் பையாக வீட்டுக்கு வருகிறது. வாடகை வீட்டில் வாடை வெளியே போகக் கூடாது என்று சன்னலைச் சாத்திச் சமைக்கிறார்கள். பள்ளிக்குக் கொடுத்துவிட்டால் பிள்ளை டப்பாவைத் திறக்கக் கூசுகிறது. மருத்துவர் ‘என்ன சாப்பிடுறீங்க’ என்று கேட்டால்கூட நம் அம்மாக்கள் அந்தப் பெயரை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் ஆராய்ந்தார். தீண்டாமையின் தோற்றம் பற்றி 1948-இல் வெளியிட்ட நூலில், மாட்டிறைச்சி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பைத் தன் வாதத்தின் மையத்தில் வைத்தார். அதே அம்பேத்கர் 1927-இல் மகாடில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விடுங்கள் என்று நம் மக்களிடம் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். செத்த மாட்டைத் தூக்குவதும் அதைத் தின்பதும் சாதி நம் மீது சுமத்திய வேலை, அதை அவர் உதறச் சொன்னார். காசு கொடுத்துக் கடையில் வாங்கும் நல்ல கறி நம் விருப்பம், நம் உரிமை. இரண்டையும் ஒன்றாக்கி நம்மைக் கூனிக் குறுக வைப்பது சாதியின் தந்திரம்.

சட்டமும் நமக்கு எதிராக இல்லை. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத மாட்டைச் சான்று பெற்று வெட்ட அனுமதிக்கிறது. 1976 அரசாணை பசுவை வெட்டுவதைத் தடுக்கிறது. மாட்டுக்கறி விற்பதும் உண்பதும் இங்கே குற்றமில்லை. 2017 மே மாதம் ஒன்றிய அரசு, சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. அவற்றுக்கு முதலில் இடைக்காலத் தடை விதித்தது நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் பொருந்தும்படி நீட்டித்தது.

சட்டம் விட்டாலும் சமூகம் விடுவதில்லை. அதே 2017 மே மாதம் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கண்ணில் காயம்படத் தாக்கப்பட்டார். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நிர்வாகம் பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை. எதிர்ப்பு எழுந்தது, விழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுக்கறியை விலக்குவது பாகுபாடு என்று கூறி மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. ஓர் உணவுத் தட்டு தீண்டாமைப் பிரச்சினையாக முடியும் என்பதை அரசு அமைப்பே ஒப்புக்கொண்ட தருணம் அது.

வெளியே கை நீட்டும்போது நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். ‘நாங்கள் மாட்டுக்கறி தின்பவர்களில்லை’ என்று சொல்லித் தன்னை ஒருபடி மேலே வைத்துக்கொள்ளும் பழக்கம் தலித் சாதிகளுக்குள்ளும் இருக்கிறது. அருந்ததியர் வீட்டில் கை நனைக்கத் தயங்குபவர்கள் நம்மிலும் உண்டு. உண்ணாதிருப்பது அவரவர் விருப்பம். அதைச் சாதிப் பெருமையாக ஆக்குவது, அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வுக்கு நாமே முட்டுக் கொடுப்பதாகும்.

இனி, அன்றாடத்தில் என்ன செய்யலாம்? முதலில் எச்சரிக்கை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் கறியைக் கூட்டக் கூடாது. சிவப்பு இறைச்சியை அளவுக்கு மீறி உண்பது குடல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. வெயிலில் குனிந்து வேலை செய்பவர் ஒரேயடியாகச் சோற்றை விட்டால் முதல் வாரத்தில் தலைவலியும் அசதியும் வரும். முழுப் பேலியோ நமக்குத் தேவையில்லை.

இரவுச் சோற்றில் தொடங்கலாம். அதைப் பாதியாகக் குறைத்து, இரண்டு முட்டையும் கைநிறைய முருங்கைக் கீரையும் வைக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அரைக் கிலோ கறியோ மீனோ வாங்கி, குழம்பில் தண்ணீரைக் குறைத்துக் கறியைக் கூட்டலாம். பாதாமுக்குப் பதில் நம் காட்டு நிலக்கடலை. பேலியோக்காரர்கள் அதைப் பருப்பு இனம் என்று ஒதுக்குவார்கள். 100 கிராமில் 25 கிராம் புரதம் தரும் கடலையை ஏழை ஒதுக்கத் தேவையில்லை. டீயில் சர்க்கரையை விடுவதற்குக் காசே செலவில்லை. ஒன்று முக்கியம்: கறி வாங்கும் நாளில் நல்ல துண்டுகள் ஆண்களுக்கும் எலும்பும் சாறும் பெண்களுக்கும் என்று பிரிக்கக் கூடாது. சோகை அதிகம் இருப்பது பெண்களுக்கு.

மீதி அரசின் வேலை. ரேஷனில் பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும். முட்டையும் கடலையும் சேர்க்க வேண்டும். ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதி மாணவருக்கு மாத உணவுப்படி 2023-இல் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. இதில் சோற்றைத் தவிர எதை நிறைவாகப் போட முடியும்? விடுதி மாணவர்கள் இந்தக் கணக்கை அதிகாரிகளிடம் கேட்க வேண்டும். பேரூராட்சிகள் மற்ற கறிக்கடைகளுக்குத் தரும் தண்ணீர், வடிகால், சோதனை வசதிகளை மாட்டுக்கறிக் கடைகளுக்கும் தர வேண்டும். ஊருக்கு ஒதுக்குப்புறம் ஒளித்து வைத்தால் சுத்தம் எப்படி வரும்? வாசலுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரின் அறிவுரைத் தாளில் முட்டை, மீன் வரிசையில் மாட்டுக்கறி என்ற சொல்லும் இருக்க வேண்டும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். கல்லூரியில் நண்பர்கள் ‘கீட்டோ’, ‘பேலியோ’ என்று பேசும்போது நீங்கள் தலைகுனிந்து உட்கார வேண்டியதில்லை. உப்புக்கண்டத்தையும் நல்லி எலும்புச் சாற்றையும் பற்றி அவர்களைவிட உங்கள் பாட்டிக்கு அதிகம் தெரியும். அதை எழுதி வையுங்கள், பேசுங்கள். ‘இன்னிக்கு என்ன கொழம்பு’ என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஊசி போடும் அம்மாவுக்கும் வெளிறிப்போன அக்காவுக்கும் கறி வாங்கிவரப் போகும்போது கறுப்புப் பை வேண்டாம். தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.