முதலாளிகள் கூட்டுச் சேரலாம். பெட்டிக்கு யார் பொறுப்பு?

டாடா பிளேயும் ஏர்டெல் டிஜிட்டல் டி.வி.யும் ஒன்றாகப் போகின்றன என்ற செய்தி 2025 பிப்ரவரியில் வெளியாயிற்று. பேச்சுவார்த்தை நடப்பதை ஏர்டெல் நிர்வாகமே பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. மே மாதத்தில், திருப்தியான முடிவு காண முடியவில்லை என்று கூறிப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். இரண்டு பெரும் முதலாளிக் குழுமங்கள் கூடின, பேசின, கலைந்தன. இவர்களுக்கு மாதந்தோறும் பணம் கட்டும் லட்சோபலட்சம் குடும்பங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை!

பேச்சு முறிந்ததால் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. டிராய் கணக்குப்படி, 2020 இறுதியில் சுமார் 7 கோடியாக இருந்த டி.டி.எச். சந்தாதாரர்கள் 2025 மார்ச்சில் 6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். சந்தை சுருங்கும்போது பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவதும், இரண்டு பெரிய மீன்கள் கூட்டுச் சேருவதும் முதலாளித்துவத்தின் நியதி. ஆகவே இன்று கைவிட்ட இணைப்பு நாளை வேறு உருவில் வரும். அப்போது நம் வீட்டுக் கூரைமேல் இருக்கும் டிஷ்ஷும் உள்ளே இருக்கும் பெட்டியும் என்ன ஆகும்? இதுதான் நம் கேள்வி.

விஷயம் எளிது. டாடா பிளேயின் டிஷ் 83 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோளைப் பார்த்திருக்கிறது. ஏர்டெலின் டிஷ் 108 டிகிரி கிழக்கில் உள்ளதைப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியின் பெட்டிக்குள்ளும் அந்தக் கம்பெனியின் பூட்டுக்கு மட்டுமே பொருந்தும் சாவி இருக்கிறது. இணைந்த கம்பெனி செலவைக் குறைக்க ஒரே செயற்கைக்கோள் போதும் என்று முடிவு செய்தால், ஒரு தரப்பு வீடுகள் அனைத்திலும் டிஷ்ஷைத் திருப்ப வேண்டும், பெட்டியை மாற்ற வேண்டும். கம்பெனிக்கு மிச்சம், குடும்பத்துக்குச் செலவு!

இது வெறும் கற்பனை அல்ல. பிரிட்டனில் 1990 நவம்பரில் மர்டாக்கின் ஸ்கை டெலிவிஷனும் பி.எஸ்.பி. கம்பெனியும் இணைந்தன. நஷ்டத்தில் மூழ்கிய இருவரும் கரையேற ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பி.எஸ்.பி. ஒளிபரப்புத் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அதன் சதுர ஆண்டெனாவை நம்பி வாங்கியவர்களின் கூரையில் அது வேண்டாத பொருளாயிற்று. அந்தக் கம்பெனியின் இரு செயற்கைக்கோள்களும் ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் விற்கப்பட்டன.

நம் நாட்டில் 2018 மார்ச்சில் டிஷ் டி.வி.யும் வீடியோகான் டி2எச்சும் இணைந்தன. இரு பெயர்களும், இரு செயற்கைக்கோள்களும் தொடர்ந்தன. பெட்டிகள் குப்பைக்குப் போகவில்லை. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடைத்தெருவில் இரண்டு பலகைகள், கல்லா ஒன்று. ஒன்றின் கட்டணம் பிடிக்காமல் மற்றொன்றுக்குப் போகிறவன் அதே முதலாளியிடம்தான் போய்ச் சேருகிறான்.

இணைந்தால் செலவு குறையும், அந்த லாபம் சந்தாதாரருக்கும் வரும் என்கிறார்கள் முதலாளிகளின் வக்கீல்கள். செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் போட்டியாளனே இல்லாதபோது அதைச் சந்தாதாரருக்குக் கொடுக்கும்படி கம்பெனியைக் கட்டாயப்படுத்துவது எது? அமெரிக்காவில் எக்கோஸ்டாரும் டைரக்டிவியும் இணைய முயன்றபோது, 2002இல் அந்த நாட்டுத் தகவல் தொடர்பு கமிஷனே அனுமதி மறுத்தது. கேபிள் எட்டாத கிராமங்களில் ஒரே கம்பெனியின் ஏகபோகம் ஏற்படும் என்பது அது கண்ட காரணங்களில் ஒன்று. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே இதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது!

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2001ஆம் ஆண்டின் டி.டி.எச். விதிகளே, ஒரு கம்பெனியின் பெட்டி மற்றொரு கம்பெனிக்கும் பயன்படத்தக்கதாக இருக்க வேண்டும் என்கின்றன. நடைமுறையில் அப்படி இல்லாததால் 2020 ஏப்ரலில் டிராய் இதைக் கட்டாயமாக்கும்படி மீண்டும் சிபாரிசு செய்தது. கைபேசி எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை 2011 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. பெட்டிக்கு மட்டும் ஏன் இல்லை? சந்தாதாரன் கட்டுண்டு கிடப்பதுதான் கம்பெனிக்கு லாபம் என்பதே காரணம்.

வெயிலில் கூரை ஏறி டிஷ் மாட்டும் தொழிலாளியையும் நாம் மறக்கக் கூடாது. இரண்டு கம்பெனிகள் ஒன்றானால் இரண்டு அலுவலகம் ஒன்றாகும், இரண்டு கிடங்கு ஒன்றாகும். வேலை போகிறவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே நாம் கோருவது இவை: எந்த இணைப்புக்கும் முன்பாகச் சந்தாதாரர்களின் கருத்தைப் பகிரங்கமாகக் கேட்க வேண்டும். டிஷ், பெட்டி மாற்றும் முழுச் செலவையும் கம்பெனியே ஏற்க வேண்டும். முன்கூட்டிக் கட்டிய பணம் ஒரு காசு குறையாமல் கணக்கில் வர வேண்டும். பொதுப் பெட்டி என்ற விதியை ஏட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஆட்குறைப்பு கூடாது. மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷனின் பிரீ டிஷ் சேவையை வலுப்படுத்த வேண்டும்.

கம்பெனிகளின் பேச்சுவார்த்தை மூடிய கதவுக்குள் நடக்கிறது. மக்களின் கோரிக்கை தெருவில் ஒலிக்கட்டும். அடுத்த இணைப்புச் செய்தி வரும்வரை காத்திராமல், இன்றே குரல் எழுப்புவோம்!