அமைவுக் கோப்பும் அடித்தல் திருத்தலும்

சர்வர்களில் இருக்கும் அமைவுக் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் திறந்து திருத்துகிற காலம் மலையேறிவிட்டது. ஒரு சர்வர் என்றால் பரவாயில்லை. நாற்பது சர்வரில் ஒரே மாற்றம் என்றால் யாராக இருந்தாலும் ஒரு ஸ்க்ரிப்ட்தான் எழுதுவார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த ஸ்க்ரிப்ட் கோப்பை எப்படித் திருத்துகிறது என்பதில்தான் சண்டை.

என் கட்சி இதுதான். அமைவுக் கோப்பை வெறும் எழுத்துக் குவியலாக நினைத்து, தேடிப்பிடித்து மாற்றுகிற ஸ்க்ரிப்டை ப்ரொடக்‌ஷன் சர்வர் பக்கமே விடக்கூடாது. கோப்பின் இலக்கணம் தெரிந்த ஒரு லைப்ரரி வழியாகத்தான் திருத்த வேண்டும். யாரோ நடுவில் எழுதி வைத்த குறிப்பு வரிகள் அப்படியே இருக்க வேண்டும். திருத்தியதை இன்னொருவர் பார்த்த பிறகே அமலுக்கு வர வேண்டும்.

"பி.காம். படித்த பேங்க்காரனுக்கு இதில் என்ன கருத்து?" என்று கேட்பீர்கள். இருக்கிறதே :-) திருத்தம் என்பதைப் பற்றி எங்களை விட அதிகம் கவலைப்பட்டவர்கள் யார்? கையால் எழுதிய லெட்ஜர் காலத்தில் தப்பான எண்ணை ரப்பரால் அழிக்க முடியாது, வெள்ளை மை பூச முடியாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அடித்த பிறகும் பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும். நாளைக்கு ஆடிட்டர் வந்து கேட்டால் என்ன இருந்தது, என்ன ஆனது, யார் செய்தது என்று மூன்றுக்கும் பதில் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். கோர் பேங்கிங் வந்த பிறகும் மேக்கர், செக்கர் என்று இரண்டு பேர் இல்லாமல் ஒரு பதிவு நகராது.

நூறு ரூபாய் வவுச்சருக்கு இவ்வளவு கட்டுப்பாடு. மொத்த சர்வரையும் முடக்கக்கூடிய ஒரு கோப்புக்கு எதுவும் கிடையாதா?

ஸெட் செய்யும் கூத்து

லினக்ஸில் அமைவுக் கோப்புகள் பெரும்பாலும் ஈடிசி என்ற அடைவில் இருக்கும். எல்லாம் சாதாரண உரைக் கோப்புகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கணம். ஹோஸ்ட்ஸ் கோப்பில் இடைவெளி விட்டுப் பிரிப்பார்கள், பாஸ்வேர்டு கோப்பில் முக்காற்புள்ளி வைத்துப் பிரிப்பார்கள். சூடோயர்ஸ் கோப்புக்குத் தனி மொழியே உண்டு.

இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் 'ஸெட்' கட்டளையை வைத்து ஒரு வரியை மாற்றுவது பலருக்குப் பழக்கம். எஸ்எஸ்ஹெச் சர்வரின் அமைவுக் கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரூட் பயனர் நேரடியாக உள்ளே வரக்கூடாது என்று 'பெர்மிட் ரூட் லாகின்' வரியில் 'நோ' போட வேண்டும். அந்த வரி பல இடங்களில் முன்னால் ஒரு # குறியோடு கமெண்டாகவே இருக்கும். ஸ்க்ரிப்ட் குறி இல்லாத வரியைத் தேடும், கிடைக்காது, எதையும் மாற்றாது. கடைசியில் ஸெட் என்ன சொல்லும் தெரியுமா? வெற்றி. எதுவுமே பொருந்தாவிட்டாலும் அதன் கணக்கில் வேலை முடிந்தது. நாற்பது சர்வரிலும் பச்சை விளக்கு. நாற்பதிலும் கதவு பழையபடிதான்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து ஒரு தந்திரம் செய்வார்கள். கோப்பின் கடைசியில் புது வரியை ஒட்டிவிடுவார்கள். எஸ்எஸ்ஹெச்சில் ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால் முதலில் வந்ததுதான் செல்லும். மேலே பழைய மதிப்பு இருந்தால் கீழே ஒட்டியது செல்லாக்காசு. இன்னும் மோசம், கோப்பின் கடைசியில் 'மேட்ச்' என்று தொடங்கும் பகுதி இருந்தால், ஒட்டிய வரி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பகுதியில் சொன்ன பயனருக்கோ முகவரிக்கோ மட்டும்தான் அது பொருந்தும். இலக்கணப்படி அதில் பிழை இல்லை என்பதால் எந்த எச்சரிக்கையும் வராது. ஸ்க்ரிப்டை ஐந்து முறை ஓட்டினால் ஐந்து வரி சேரும் என்பது தனிக்கதை.

லைப்ரரி இருந்தால் போதுமா?

"நான் ஸெட் எல்லாம் தொடுவதில்லை, பைத்தானில் கான்ஃபிக்பார்சர் இருக்கிறது" என்பார்கள் அடுத்த வகையினர். நல்ல லைப்ரரிதான். பைத்தானோடே வருகிறது. சதுர அடைப்புக்குள் தலைப்பு, கீழே பெயர், சமக்குறி, மதிப்பு என்று இருக்கும் கோப்புகளை அழகாகப் படிக்கும். படிப்பதோடு நிறுத்திக்கொண்டால் பிரச்சினை இல்லை.

திருப்பி எழுதச் சொன்னால்தான் வினை. கோப்பில் இருந்த கமெண்ட் எல்லாம் காணாமல் போகும். பெயர்களில் உள்ள பெரிய எழுத்துகளைச் சொல்லாமலே சின்ன எழுத்தாக்கிவிடும். சிஸ்டம்டி சேவைக் கோப்பை இப்படித் திருத்தினால் 'எக்ஸெக்ஸ்டார்ட்' என்ற வரி முழுவதும் சின்ன எழுத்தாகி, சிஸ்டம்டிக்கு அடையாளம் தெரியாமல் போகும். தெரியாத பெயர் என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடும். மதிப்பில் % குறி இருந்தால் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வரும். கடவுச்சொல்லில் % வைத்தவர்களுக்கு இது புரியும். எழுத்தை மாற்றாதே, % குறியைத் தொடாதே என்று சொல்ல வழி இருக்கிறது. கமெண்டைக் காப்பாற்றச் சொல்லத்தான் வழி இல்லை.

கமெண்ட் போனால் என்ன, இயந்திரத்துக்கு அது தேவையில்லையே என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு இங்கேதான் கோபம் வரும். எங்கள் உத்தியோகத்தில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல். இன்றைக்கு மும்பை, நாளைக்குக் குவாஹாத்தி. ஒருவர் ஒரு மதிப்பை 30 என்று வைத்துவிட்டு, மேலே ஒரு வரி எழுதியிருப்பார்: 'மாதக் கடைசி நாளில் சுமை அதிகம், 30க்குக் கீழே இறக்கினால் இணைப்பு அறுந்துபோகும்'. அவர் போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்தவரும் போய்விட்டார். அந்த ஒற்றை வரிதான் அவர் விட்டுப்போன சார்ஜ் குறிப்பு. மதிப்பை அப்படியே வைத்துவிட்டு அந்த வரியை மட்டும் அழிக்கிற ஸ்க்ரிப்ட் எதையும் உடைக்கவில்லை என்றுதான் தோன்றும். ஆறு மாதம் கழித்து ஒரு புது ஆள் வந்து "இது எதற்கு 30?" என்று 10 ஆக்கும்போதுதான் உடையும். நேரேஷன் இல்லாத வவுச்சரை நாங்கள் பாஸ் செய்வதில்லை. காரணம் இதுதான்.

கமெண்டைக் காப்பாற்றும் லைப்ரரிகள் இல்லாமல் இல்லை. மேலே சொன்ன வகைக் கோப்புக்குப் பைத்தானில் கான்ஃபிக்ஆப்ஜ், கான்ஃபிக்அப்டேட்டர் இருக்கின்றன. யாமல் கோப்புக்கு ருவாமெல். டாமல் கோப்புக்கு டாம்ல்கிட். பைத்தான் 3.11 பதிப்பில் (2022) டாமல் படிக்கும் வசதியை உள்ளேயே கொடுத்தார்கள், ஆனால் படிக்க மட்டும்தான். எழுதும் வசதி வைக்கவில்லை. ஒரு விதத்தில் அது நேர்மை.

ஆகியஸ் என்ற கண்ணாடி

எனக்கு இந்த விஷயத்தில் பிடித்தது ஆகியஸ். ரெட்ஹாட்டில் டேவிட் லட்டர்கார்ட் தொடங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ், நேட் ஃபாஸ்டர் போன்றவர்கள் செய்த 'பூமராங்' ஆராய்ச்சி இதற்கு அடிப்படை. கிரேக்கக் கதையில் வருடக்கணக்காகச் சுத்தம் செய்யாத மாட்டுத் தொழுவத்துக்குச் சொந்தக்காரன் ஆகியஸ் ராஜா. ஈடிசி அடைவைப் பார்த்தவர்கள் பெயர்ப் பொருத்தத்தை ஒப்புக்கொள்வார்கள் :-)

வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு கோப்பு வகைக்கும் 'லென்ஸ்' என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த லென்ஸ் வழியாகப் பார்த்தால் கோப்பு ஒரு மரமாகத் தெரியும். ஹோஸ்ட்ஸ் கோப்பு என்றால் முதல் கிளையில் ஐபி முகவரி ஒரு இலை, முதன்மைப் பெயர் ஒரு இலை, மாற்றுப் பெயர் ஒரு இலை. பைத்தான், ரூபி, பெர்ல் எதிலிருந்து வேண்டுமானாலும் அழைக்கலாம். 'முதல் கிளையின் ஐபி முகவரியை மாற்று, சேமி' என்று இரண்டு வரி எழுதினால் போதும். அதே லென்ஸ் திரும்பும் வழியில் மரத்தைக் கோப்பாக மாற்றும். நீங்கள் தொடாத வரிகள், அவற்றின் இடைவெளிகள், கமெண்ட்கள் எல்லாம் இருந்தபடியே இருக்கும். மாறியது அந்த ஒரு முகவரி மட்டும்.

சேமிப்பதிலும் வகைகள் உண்டு. நேரடியாக மேலெழுதலாம். பழைய கோப்பை 'ஆக்சேவ்' என்ற பின்னொட்டோடு பத்திரப்படுத்திவிட்டு எழுதலாம். அல்லது மூலக்கோப்பைத் தொடாமல், மாற்றியதை 'ஆக்நியூ' என்ற பின்னொட்டோடு பக்கத்தில் வைக்கலாம். இந்த மூன்றாவது வகையைப் பார்த்ததும் எனக்கு மேக்கர், செக்கர்தான் ஞாபகம் வந்தது. ஸ்க்ரிப்ட் மேக்கர். அது வவுச்சர் எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டு கோப்புக்கும் வித்தியாசம் பார்த்து ஒரு மனிதர் சரி என்றால்தான் புதியது உள்ளே போகும்.

குறை இல்லையா என்றால், உண்டு. மரத்தில் பாதை சொல்லும் முறையைக் கற்றுக்கொள்ள நேரமாகும். லென்ஸ் கறாரானது. கோப்பில் அதற்குப் புரியாத ஒரு வரி இருந்தால் முழுக் கோப்பையுமே படிக்க மறுக்கும். இதற்காகவே அதைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்து ஒத்துப்போகாத காசோலையைத் திருப்பி அனுப்பினால் கஸ்டமர் திட்டத்தான் செய்வார். அதற்காகப் பணம் கொடுத்துவிட முடியுமா? புரியாத கோப்பைத் தொடாமல் இருப்பதைக் குறையாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எதிர்க்கட்சி

"கோப்பை ஏன் திருத்துகிறாய்? டெம்ப்ளேட்டிலிருந்து முழுசாகப் புதிதாக எழுதி வைத்துவிடு" என்பது இன்றைய பலமான வாதம். கோப்பு முழுவதும் உங்களுடையது என்றால் அதுவே சரியான வழி, மறுப்பேயில்லை. ஆனால் ஈடிசியில் பல கோப்புகள் ஜாயிண்ட் அக்கவுண்ட். மென்பொருள் கொடுத்தவர் ஒரு பங்கு எழுதுவார், நிர்வாகி ஒரு பங்கு, வேறு ஏதோ நிறுவல் நிரல் ஒரு பங்கு. டெபியனில் மேம்படுத்தும்போது நீங்கள் மாற்றிய கோப்பாக இருந்தால் "பழையதா, புதியதா?" என்று நிறுத்திக் கேட்கும். ரெட்ஹாட் குடும்பத்தில் உங்கள் கோப்பை விட்டுவிட்டுப் புதியதை 'ஆர்பிஎம்நியூ' என்று பக்கத்தில் வைப்பார்கள். அவர்கள் அந்த மரியாதை கொடுக்கிறார்கள். நம் டெம்ப்ளேட் அதைக் கொடுப்பதில்லை.

இன்னொரு வழி, மூலக்கோப்பைத் தொடாமல் பக்கத்து அடைவில் சின்னக் கோப்பு ஒன்றை வைப்பது. சிஸ்டம்டியில் உண்டு, சூடோவில் உண்டு, எஸ்எஸ்ஹெச்சிலும் 2020இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து சாத்தியம். முடிகிற இடத்தில் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் இதிலும் கண் வேண்டும். சூடோவின் அந்த அடைவில் பெயரில் புள்ளி வைத்த கோப்பைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். உபுண்டுவில் எஸ்எஸ்ஹெச்சின் சின்னக் கோப்புகள் மூலக்கோப்புக்கு முன்பே படிக்கப்படும். முதலில் வந்தது செல்லும் என்றோமே, அதனால் மூலக்கோப்பில் என்ன எழுதினாலும் சின்னக் கோப்புதான் ஜெயிக்கும்.

கையால் செய்த தவறு ஒரு சர்வரோடு போகும். நிரல் செய்த தவறு அத்தனை சர்வருக்கும் போகும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு அமைவுப் புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்களை விழவைத்தது. வந்த கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, மென்பொருள் கொடுத்தது 20. அனுப்பும் முன் சோதிக்கும் நிரல் அதைப் பிடிக்கவில்லை. முதலில் கொஞ்சம் இயந்திரங்களுக்கு அனுப்பிப் பார்க்கவும் இல்லை. இந்தியாவில் வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களுமாகச் சேர்த்து 10 மட்டுமே சிறு தடங்கலைச் சந்தித்ததாக ரிசர்வ் வங்கி அன்றே சொன்னது. தப்பித்தோம். அது ஈடிசி கோப்பு இல்லை, வேறு ஜாதி. பாடம் ஒன்றுதான்.

ஆகவே ஸ்க்ரிப்ட் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்:

1. முதலில் பக்கத்தில் சின்னக் கோப்பு வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மட்டும் மூலக்கோப்பைத் திருத்துங்கள்.

2. கமெண்டைக் காப்பாற்றும் லைப்ரரியை எடுங்கள். நீங்களும் ஒரு கமெண்ட் எழுதுங்கள்: யார், என்று, எதற்கு.

3. இரண்டாவது முறை ஓட்டினால் எதுவும் மாறக்கூடாது. மாறினால் ஸ்க்ரிப்ட் தப்பு.

4. அமலாக்கும் முன் அந்தந்த மென்பொருளின் சோதனைக் கட்டளையை ஓட்டுங்கள். எஸ்எஸ்ஹெச்சுக்கு உண்டு, என்ஜின்எக்ஸுக்கு உண்டு, சூடோவுக்கு விசூடோ இருக்கிறது.

5. கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். மென்பொருள் என்ன புரிந்துகொண்டது என்று பாருங்கள். எஸ்எஸ்ஹெச் சர்வரைக் கேட்டால் தன் நடப்பு அமைப்பு முழுவதையும் அதுவே பட்டியல் போடும்.

6. ஒரு சர்வர், பிறகு நான்கு, பிறகு மீதி.

இதனால் வேலை மெதுவாகும் என்பார்கள். ஆகட்டுமே. கவுண்டரில் பணத்தை இரண்டு முறை எண்ணுவதும் மெதுவான வேலைதான். எண்ணாமல் கொடுக்கச் சொல்லி இதுவரை எந்தக் கஸ்டமரும் என்னிடம் கேட்டதில்லை.