கூடலூரும் கிறிஸ்தவர் கடமையும்

நவீன சமுதாயத்தினிடம் கிறிஸ்தவன் எவ்விதம் நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி நம் நாட்டுத் திருச்சபைகளில் ஓயாது விவாதிக்கப்பட்டு வருகிறது. சினிமாவும் அரசியலும் ஆத்மாவைக் கெடுக்கும். ஆகவே வேலி கட்டி ஒதுங்கியிருப்பதே உத்தமம் என்பது ஒரு சாராரின் கட்சி. காலத்தோடு ஒட்டி வாழ்ந்து, படித்து, உத்தியோகம் பெற்று, பொருள் தேடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோவிலுக்குப் போனால் போதும் என்பது மற்றொரு சாராரின் நடைமுறை. இவ்விரண்டு வழிகளும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன என்பது நமது அபிப்பிராயம். இரண்டிலும் அண்டை வீட்டான் மறக்கப்படுகிறான்.

நீலகிரியின் மேற்கே உள்ள கூடலூர்ப் பிரதேசத்தை நோக்குவோருக்கு இது எளிதில் விளங்கும். 1877-ல் மலபார் ஜில்லாவிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பட்ட பூமி அது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் ஆகியோர் அங்கே ஆதிகுடிகள். பின்னர் தோட்டத் தொழிலாளர் வந்தனர். சென்ற நூற்றாண்டின் நடுவில் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து கிறிஸ்தவ விவசாயிகள் பலர் நிலம் தேடி மலையேறினர். 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையை விட்டு வந்த தமிழர்களும் அங்கே குடியமர்ந்தனர். கிறிஸ்தவன் அங்கே பல பாஷைகளிலும் பல அந்தஸ்துகளிலும் காணப்படுகிறான். நிலமுடையவனாகவும் இருக்கிறான், கூலியாகவும் இருக்கிறான்.

இவர்கள் அனைவரையும் பிணித்து நிற்பது நிலப் பிரச்னை. நிலம்பூர் கோவிலகத்துக்கு உரியதாயிருந்த சுமார் 80,000 ஏக்கர் ஜன்ம நிலத்தைக் குறித்து 1969-ல் சர்க்கார் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் செய்தனர். சட்டம் பிறந்ததேயன்றி வியாஜ்யம் ஒழியவில்லை. 1995-ல் அக்கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகள் அழிவதைத் தடுக்கக் கோரி சுப்ரீம் கோர்ட்டை அடைந்தார். 1996 டிசம்பர் 12-ல் பிறந்த உத்தரவு, காடு என்ற சொல்லுக்கே தேசம் முழுமைக்கும் புதிய வியாக்கியானம் தந்தது. பட்டா இல்லாத குடியானவன் இன்றும் நிம்மதியின்றி இருக்கிறான். அவனுடைய கஷ்டம் மெய்யான கஷ்டமே; அதை நாம் இகழவில்லை.

ஆயினும், அவனுக்கு முன்பே அம்மண்ணில் வாழ்ந்தவனும், தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்தவனுமான பணியனுக்கு நிலம் எங்கே? 1988 டிசம்பர் 5-ல் ஆதிவாசிகள் ஆயிரக்கணக்கில் கூடலூர் வீதியில் ஊர்வலம் வந்து இக்கேள்வியைத் தாங்களே எழுப்பினார்கள். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டது. இங்கேதான் கிறிஸ்தவனுக்குப் பரீக்ஷை வருகிறது. தன் பட்டாவுக்காக மனுப் போடுவதற்கு மதம் தேவையில்லை; சுயநலமே போதும். தன்னோடு அதே மண்ணுக்குப் போட்டியிடும் எளியவனின் மனுவிலும் அவன் தோள் கொடுப்பானாயின், அப்போதுதான் அவனுடைய வேதத்துக்கு நவீன உலகில் வேலை இருக்கிறது என்று ஊரார் ஒப்புவர்.

இது ஆகாத காரியம் என்று சொல்வோருக்கு நம் சரித்திரமே பதில் சொல்லும். தஞ்சாவூரில் 1892-ல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா மேல்நாட்டில் கணக்கியல் கற்றுத் திரும்பியவர். அக்கல்வியைக் கொண்டு பொருள் குவிக்காமல், குஜராத்தில் மாத்தர் தாலூகாக் குடியானவர்களின் வறுமையைக் கணக்கெடுத்தார், 1934 முதல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார், சிறை சென்றார். சிறையில் அவர் எழுதிய நூல்களுள் ஒன்று கிராமப் பொருளாதாரத்தைப் பற்றியது, மற்றொன்று இயேசுவின் போதனையைப் பற்றியது. இரண்டையும் வெவ்வேறு விஷயங்களாக அவர் கருதவில்லை. நவீன கல்வியை அவர் வெறுக்கவுமில்லை, அதற்கு அடிமையாகவுமில்லை, ஏழையின் பொருட்டு அதை வேலை வாங்கினார்.

மற்றோர் உதாரணமும் உண்டு. அரசியல் நிர்ணய சபையின் உபதலைவராயிருந்த வங்காளத்துக் கிறிஸ்தவர் ஹரேந்திர குமார் முகர்ஜி, சிறுபான்மையோர் உபகமிட்டிக்குத் தலைமை வகித்தவர். மத அடிப்படையில் சட்டசபைகளில் ஸ்தானங்களை ஒதுக்குவது வேண்டாம் என்று 1949-ல் முடிவு செய்யப்பட்டபோது, அம்முடிவை முன்நின்று ஆதரித்தவர்களுள் அவரும் ஒருவர். பொது ஜனங்களின் நன்மையில் தம் நன்மையும் அடங்கும் என்ற நம்பிக்கையே அதற்கு ஆதாரம். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் பொறுப்பு பெரும்பான்மையோரையும் சார்ந்தது. தமிழ் அச்சுக்கும் அகராதிக்கும் உரைநடைக்கும் கிறிஸ்தவர் செய்த பணியை அனுபவித்துக்கொண்டே, அவர்களை அந்நியர் என்று பேசுவது நன்றி கொன்ற செயலாகும்.

கூடலூர்த் திருச்சபையார் செய்யக்கூடியவை மலைபோன்ற காரியங்களல்ல. தம் மக்களில் வக்கீல்களாகவும் சர்வேயர்களாகவும் இருப்போர், ஆதிவாசிகளின் வன உரிமை மனுக்களைப் பரிசீலித்துக் கொடுக்கலாம். தோட்டமுடையோர் தம் கூலிக் கணக்கை நியாயத்தின் முன் வைத்துப் பார்க்கலாம். பாடசாலைகள், பணியக் குழந்தை தன் தாய்மொழியில் பேசியதற்காக வெட்கப்படாதபடி நடத்தப்படலாம். 1990-ல் தோன்றிய கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியில் அம்மக்களே நர்ஸுகளாகப் பயிற்சி பெற்றுத் தம்மவருக்குச் சிகிச்சை செய்வது, உதவி எவ்விதம் இருக்க வேண்டும் என்பதற்குக் கண்கண்ட பாடம். எளியவனுக்காகப் பேசுவதைக் காட்டிலும், அவன் பேசும்போது பக்கத்தில் நிற்பது மேலானது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வோம். அச்சேவையில் ஞானஸ்நானக் கணக்கு புகலாகாது. புகுந்தால் கொடுத்தவனுக்கும் புண்ணியமில்லை, பெற்றவனுக்கும் மானமில்லை. நல்ல சமாரியன் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை எந்த மதம் என்று கேட்டபின் அவன் காயத்தைக் கட்டியதாகச் செய்தி இல்லை.

காலம் மாறிவிட்டதென்று அஞ்சி வேலிக்குள் ஒடுங்கும் திருச்சபையும், காலத்தோடு கரைந்து அடையாளமற்றுப் போகும் திருச்சபையும் தேசத்துக்குப் பயன்படா. கூடலூரில் பட்டாவுக்காகக் காத்திருக்கும் கிறிஸ்தவக் குடியானவன், தனக்குப் பின்னால் நிற்கும் பணியனை வரிசையில் முன்னே அழைப்பானாக. அன்று அவனுடைய மதத்துக்குப் பிரசங்கி தேவைப்படமாட்டான்.